பாலிஷ் போட்ட இடது கிராங்க்

தோன் குஸ்தோதியோ கொடுத்த இடது கிராங்க், சைக்கிள் பெடலைத் தாங்கும் கை, கண்ணாடி மாதிரி பளபளத்தது. அங்கேதான் இஸ்மேனியாவுக்கு முதல் சந்தேகம் விழுந்தது.

சோகமோசோ ஞாயிற்றுச் சந்தையில் பழைய இரும்பு விற்பவர்கள் கோணிகளை விரித்து உட்காரும் ஓரம் அது. அவர் தன் ருவானாவுக்குள், தோளில் போட்ட கம்பளிப் போர்வைக்குள், கையை விட்டு, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் பிரித்தாள். அலுமினியத்தில் அவள் முகம் நீண்டு, மூக்கு புடைத்துத் தெரிந்தது.

"ஜோடி சேந்துடுச்சு சுமெர்சே. கொண்டுபோய் மாட்டு." சுமெர்சே என்பது எங்கள் பக்கத்தில் யாரையும் அன்பாகக் கூப்பிடும் சொல்.

"எவ்வளவு ஆச்சு?" என்றாள், பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஒண்ணும் வேண்டாம்."

"இல்ல... வாங்கின விலை..."

"வேண்டாம்னா விடேன். கீழ போட்டுடாத, அவ்வளவுதான்."

அவர் நடந்துவிட்டார். சந்தைக் கூட்டத்துக்கு மேலே அவருடைய தொப்பி மட்டும் வெகுநேரம் தெரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு உயரம்.

எங்கள் பக்கத்தில் பழைய சைக்கிள்களைப் பாகம் பாகமாகத் தேடிச் சேர்த்துப் பூட்டுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆள் குறைவு என்பதால் சண்டையும் குறைவு என்று நினைக்கக் கூடாது. ஒருவரிடம் வலது பெடல் இருக்கும், இன்னொருவர் இடது பெடலைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு வருஷக் கணக்கில் முறைத்துக்கொண்டிருப்பார். அதற்காகத்தான் ஜோடி வழக்கம் வந்தது. ஜோடியாக வரும் சாமானில் பாதி யாரிடம் இருக்கிறதோ அவர் அதைச் சந்தையில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி வைக்க வேண்டும். மறுபாதி யார் கையில் கிடைத்தாலும் அப்படிச் சொன்னவருக்கே போக வேண்டும், வாங்கின விலைக்கே. ஒரு பெசோ கூடினால் அது வியாபாரம், ஒரு பெசோ குறைந்தால் அது கடன். இரண்டும் ஆகாது. இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரே தோன் குஸ்தோதியோதான். அவரே இப்போது விலை வேண்டாம் என்கிறார்.

பாலிஷ் விஷயமும் அப்படித்தான். அவர் எதையும் தேய்ப்பதில்லை. பழைய சைக்கிளின் அழுக்கை எடுப்பவன் அதன் சட்டையைக் கழற்றுகிறவன் என்பார். இஸ்மேனியா எல்லாவற்றையும் தேய்த்துத் தேய்த்து மின்ன வைப்பவள். அவளுடைய பிரேக்கைப் பார்த்து, "இதுல முகம் பாத்து மீசை எடுக்கலாம் போல" என்று அவர் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறார். அந்த மனிதர் உட்கார்ந்து ஒரு கிராங்கை இப்படித் தேய்த்தார் என்றால் எதற்காக?

அவர் அவள்மேல் வருத்தப்படக் காரணமும் இருந்தது. எஃகு ஆலைக்கு அந்தக் காலத்தில் வேலைக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் எங்கள் ஊரான நோப்சாவிலேயே தங்கி இங்கேயே செத்துப்போனார். அவருடைய தொலைதூரப் பயண சைக்கிளின் சட்டம், மட்கார்டோடும் கேரியரோடும், அவர் வீட்டைப் பார்த்துக்கொண்ட அம்மாளின் கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடந்தது. தோன் குஸ்தோதியோ அதைக் கேட்டுக் கேட்டு அலைந்தார். போகும்போதெல்லாம் பன்னீர்க்கட்டி, உருளைக்கிழங்கு என்று எதையாவது தூக்கிக்கொண்டு போவார். அந்த அம்மாள் வாங்கிக்கொள்வாள், சட்டத்தை மட்டும் தரமாட்டாள். கடைசியில் ஒருநாள் இஸ்மேனியாவைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள். "அந்த நெட்டையன் பேசிப் பேசியே தலவலி வரவெக்கிறான். நீ பேசாத பொண்ணு, நீயே எடுத்துக்க" என்றாளாம். செய்தி தெரிந்ததும் தோன் குஸ்தோதியோ "நல்லது" என்று ஒரே வார்த்தை சொன்னார். அதற்கு அப்புறம் சில வாரங்கள் சந்தைப் பக்கமே வரவில்லை.

இஸ்மேனியா பேசாத பெண் என்பது ஊருக்கே தெரியும். கரும்பலகைக்கு முன்னால் வாய் திறக்க முடியாமல்தான் பள்ளிக்கூடத்தை விட்டாள். இப்போது ருவானா கடையில், நெய்து வந்த கம்பளிகளை முள்சீப்பால் வாரிப் பஞ்சு எழுப்பும் வேலை. அதற்கும் பேச வேண்டியதில்லை. தன்னிடம் வலது கிராங்க் இருக்கிறது என்று சந்தையில் சொல்லக்கூட அவளால் முடியவில்லை. அவளுக்காகச் சொன்னவன் ரொசெந்தோ. ரொட்டிக்கடை வண்டி ஓட்டுகிறவன், அவனுக்கும் இதே பைத்தியம். ஒரு கோழிக்கூடை மேல் ஏறி நின்று, "கேட்டுக்கங்க ஜனங்களே, நம்ம ஊமக்கோட்டான்கிட்ட பிரெஞ்சு வலது கிராங்க் இருக்கு! ஆப்பு அடிக்கிற காட்டர் பின் இல்லாத ஜாதி! இடது வெச்சிருக்கறவன் இன்னிக்கே குடுத்துட்டு மோட்சத்துக்குப் போங்க!" என்று கத்தினான். அவள் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாலும் அந்த உதவியை மறக்கவில்லை.

அதனால் அவனிடம்தான் இடது கிராங்கைக் கொண்டுபோய்க் காட்டினாள். ரொட்டிக்கடைப் பின்வாசலில் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். மாவு அப்பின கையை முழங்காலில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தான். பார்த்ததும் விசிலடித்தான்.

"இது யார் தேச்சது? நீயா?"

"இப்படியேதான் குடுத்தாரு."

"அந்தக் கெழவனா? பல்லே தேய்க்காத ஆளு இதத் தேச்சானா?"

அவள் சிரிக்கவில்லை.

"எவ்வளவு வாங்கினான்?"

"ஒண்ணும் வேண்டாம்னுட்டாரு."

ரொசெந்தோ கிராங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தை நகத்தால் தடவினான். அங்கே பொறித்திருந்த எண்ணைப் படித்தான். அவன் கண் அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு திருப்பிக் கொடுத்தான்.

"நான் ஒண்ணும் சொல்லல. எனக்கெதுக்கு வம்பு."

"சொல்லுங்க."

"அலுமினியம் எங்க விடும்? பெடல் ஓட்டைக்கிட்ட. முடி மாதிரி ஒரு விரிசல். அத எப்படி மறைப்ப? தேச்சு. பாலிஷ் போட்டா மேல் உலோகம் இழுத்துக்கிட்டுப் போய் விரிசல மூடிக்கும். கண்ணுக்கும் தெரியாது, நகத்துக்கும் தட்டாது. ஏரி இறக்கத்துல எழுந்து நின்னு மிதிக்கிறப்ப மட்டும்தான் தெரியும்." அவன் கூடை ஒன்றைத் தூக்கினான். "நீ விழுந்தப்பறம் சட்டம் யாருக்கு? மிச்சமிருந்தா கெழவனுக்கு. நான் சொல்லலப்பா. நீயா யோசிச்சுக்க."

எங்கள் ஊரில் கார்மென் மாதா திருநாள் அன்று லாரி, பேருந்து, டிராக்டர், சைக்கிள் எல்லாவற்றையும் கோயில் சதுக்கத்தில் நிறுத்தி மந்திரித்துக்கொள்வார்கள். அது முடிந்ததும் பழைய சைக்கிள்காரர்கள் கூட்டமாகக் கிளம்பி, மலையேறி, தோத்தா ஏரிக்கு இறங்குவார்கள். அந்த இறக்கத்தில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. இஸ்மேனியா இத்தனை நாள் சாலையோரத்தில் நின்று கையசைத்தவள். இந்தத் திருநாளுக்குத் தன் சைக்கிளில் போய்விட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு சாமானாகத் தேடினாள். ஹேண்டில்பார் ஒரு கசாப்புக்கடைக் கொக்கியிலிருந்து வந்தது. அவள் சம்பளம் ஒரு மாதம் முழுக்க ரிம்முக்குப் போனது. எல்லாம் வந்துவிட்டன. இடது கிராங்க் ஒன்றுதான் பாக்கி. இப்போது அதுவும் வந்துவிட்டது, ஆனால் அதன்மேல் கால் வைக்கப் பயம்.

வீட்டில் சோதித்துப் பார்த்தாள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புக்கட்டியைப் பொடித்து மேலே தூவினாள். விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடு போடும். காத்திருந்தாள். கோடு விழவில்லை. மறுபடி செய்தாள். விழவில்லை. ஆனால் ரொசெந்தோ சொன்னது சரியென்றால் விழாதுதான். மூடிய வாயிலிருந்து எப்படிக் கசியும்? சோதனை நல்லபடியாக முடிய முடிய அவளுக்குச் சந்தேகம்தான் கூடியது.

கேட்டுவிடலாம் என்று கிராங்கைப் பையில் போட்டுக்கொண்டு வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போனாள். வழி நெடுக ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள்: "தோன் குஸ்தோதியோ, இத எதுக்காகத் தேச்சீங்க?" அவர் மனைவி எர்மென்சியா கதவைத் திறந்தாள்.

"வா சுமெர்சே. வந்து உக்காரு. அவரு கொல்லையில மாட்டோட சண்டை போட்டுக்கிட்டிருக்காரு. மாடு ஜெயிச்சதும் வந்துடுவாரு. வெல்லத்தண்ணி சூடு பண்றேன்."

இஸ்மேனியா பட்டறை அறையில் தனியாக உட்கார்ந்தாள். சுவர் முழுக்க ஆணிகள். ஆணிகளில் சங்கிலிகள், பல்சக்கரங்கள், தலைகீழாகத் தொங்கும் சீட்டுகள். எல்லாம் எண்ணெயும் தூசியும் படிந்து கறுப்பாக இருந்தன. ஜன்னலுக்குப் பக்கத்து ஆணியில் அவள் கண் நின்றது. அங்கே ஒரு இடது கிராங்க் தொங்கியது. அதே வளைவு, அதே கோடு, அதே பிரெஞ்சுக் கம்பெனி முத்திரை. பின்பக்கம் யாரோ எப்போதோ அடித்த வெள்ளிப் பெயின்ட். முன்பக்கம் அப்படியே அழுக்கு. ஆக, இவரிடம் இரண்டு இருந்திருக்கின்றன.

ஒன்று தேய்த்தது, ஒன்று தேய்க்காதது. தேய்த்ததை ஜோடிக்காரிக்குக் கொடுத்துவிட்டு, தேய்க்காததை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். இதைவிட வேறென்ன தெரிய வேண்டும்? கொல்லையில் அவர் மாட்டைத் திட்டும் சத்தம் கேட்டது. சமையலறையில் பாத்திரம் உருண்டது. இஸ்மேனியா எழுந்தாள், ஆணியிலிருந்த கிராங்கை எடுத்துப் பையில் போட்டாள், பளபளத்ததை ஆணியில் மாட்டினாள். அழுக்குச் சுவரில் அது ஒரு பல் மாதிரி மின்னியது. அவர் உள்ளே வந்த உடனே பார்ப்பார். பார்க்கட்டும். கேட்டால், ஒளித்து வைத்ததை அவரே ஒப்புக்கொண்டதாகும். அதனால் கேட்கமாட்டார்.

"எங்க போற? வெல்லத்தண்ணி?" என்று எர்மென்சியா கேட்டதற்கு, தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வழியில் ரொட்டி வண்டி நின்றது. அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்காமலே ஒரு விஷயத்தைச் சொன்னாள்.

"ரெண்டு வெச்சிருந்தாரு. நல்லத எடுத்துக்கிட்டேன். அவரோடத ஆணியில மாட்டிட்டேன்."

ரொசெந்தோவின் வாய் திறந்து மூடியது. "நெஜமாவா? அடி ஊமக்கோட்டான்! கை இவ்வளவு நீளமா உனக்கு?" உரக்கச் சிரித்தான். "அந்தப் பளபளா அங்கேயே தொங்குதா?"

"தொங்குது."

"சரி, சரி. யார்கிட்டயும் சொல்லாத. நானும் சொல்லல." அவசரமாக வண்டியைக் கிளப்பினான். ரொட்டிக்கடைக்கு இந்தப் பக்கம் போக வேண்டும், அவன் அந்தப் பக்கம் திருப்பினான்.

அவள் அன்று சாயங்காலமே அதைச் சைக்கிளில் பூட்டினாள். அழுக்குக் கிராங்கையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுண்ணாம்புப் பொடி தூவினாள். கோடு இல்லை. தேய்க்கவில்லை. பாலிஷ் என்றாலே இப்போது அவளுக்கு ஒரு கூச்சம். சதுர அச்சில் ஏற்றி, நட்டைப் போட்டு, இறுக்கினாள். சைக்கிள் முழுசாக நின்றது. கொஞ்ச நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் ஏறி மெல்லப் பின்னோக்கி மிதித்துப் பார்த்தாள்.

ஏதோ சரியில்லை. இடது முட்டி வலது முட்டியைவிட மேலே வந்தது. கீழே போகும்போது இடது கால் எட்டி எட்டித் தேடியது. சீட்டு கோணலா என்று பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. இறங்கி, கம்பளி சுற்றும் கோலைத் தரையில் நிறுத்தி, வலது பெடலைக் கீழே கொண்டுவந்து கோலில் கரிக்கோடு போட்டாள். இடது பெடலைக் கீழே கொண்டுவந்தாள். அது கோட்டுக்கும் கீழே போனது.

கிராங்கின் பின்பக்கத்து வெள்ளிப் பெயின்டைக் கத்தியால் சுரண்டினாள். 175. நீளம், மில்லிமீட்டரில். அவளுடைய வலது கிராங்க் 170. பெயின்ட் மூடியிருந்தாலும் கிராங்கைக் கையில் எடுத்தவுடன் எவரும் தேடுகிற எண் அது. விரிசலைத் தேடித் தேடி அவள் அதைப் பார்க்கவில்லை. நெட்டைக் கால்காரருக்கு 175 வேண்டும். அது அவருடையது, அவர் சைக்கிளுக்காக வைத்திருந்தது. அவளுக்குப் பொருந்துகிறதைத்தான் அவளிடம் கொடுத்திருக்கிறார்.

கழற்றிவிட்டுத் திருப்பி வைத்துவிடலாம் என்று எழுந்தவள் அப்படியே நின்றாள். இந்தப் பிரெஞ்சு கிராங்கின் மரை மற்ற எல்லா கிராங்கின் மரையையும்விடக் கொஞ்சம் அகலம். கிராங்கை அச்சிலிருந்து இழுத்தெடுக்கும் சாதாரணப் புல்லரைப் போட்டால் மரை உரிந்துவிடும், அதற்குப் பிறகு கிராங்க் குப்பைக்குத்தான். அதற்கேற்ற புல்லர் எங்கள் பக்கத்தில் ஒன்றே ஒன்று. அதைச் செருப்பு நாடாவில் கோத்துத் தோன் குஸ்தோதியோ கழுத்தில் போட்டிருப்பார்.

மறுநாள் வேலை முடிந்து அவர் தெருமுனை வரை போனாள். போய் நின்றாள். என்ன சொல்வது? "உங்ககிட்ட திருடினதத் திருப்பித் தரணும், அந்தப் புல்லரக் குடுங்க" என்றா? நின்றுகொண்டிருக்கும்போதே அவர் வீட்டுக் கதவு திறந்தது. ரொசெந்தோ வெளியே வந்தான். அவன் கக்கத்தில் செய்தித்தாள் பொட்டலம் இருந்தது. இஸ்மேனியாவைப் பார்த்ததும் விசிலை நிறுத்தினான்.

"ரொட்டி ஆர்டர் கேக்க வந்தேன்" என்றான், அவள் ஒன்றும் கேட்காமலே.

"பொட்டலம்?"

"அந்தம்மா குடுத்தாங்க. சோப்பு." அவன் போய்விட்டான்.

நோப்சாவில் யாரும் ரொட்டிக்காரனுக்குச் சோப்பு கொடுப்பதில்லை. இஸ்மேனியா கதவைத் தட்டாமல் வீட்டுக்குத் திரும்பினாள். திருநாள் வரும்வரை கம்பளி வாரும்போதெல்லாம் அந்தப் பொட்டலத்தின் நீளத்தை மனசால் அளந்துகொண்டிருந்தாள். ரொட்டிக்கடைப் பின்வாசலில் அவன் கண் அந்த எண்மேல் நின்றதும் ஞாபகம் வந்தது.

திருநாள் அன்று சதுக்கத்தில் லாரிகள் பலூனும் காகிதப் பூவும் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தன. பேருந்துக்காரர்கள் அதற்கு மேல் அடித்தார்கள். பாதிரியார் வாளியும் துடைப்பமுமாகப் புனித நீர் தெளித்துக்கொண்டு வந்தார். சைக்கிள்காரர்கள் கோயில் படிக்கட்டுக்குக் கீழே வரிசையாக நின்றார்கள். இஸ்மேனியா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைசியில் போய் நின்றாள். அவளுடைய வலது கிராங்க் மின்னியது, இடது அழுக்காக இருந்தது.

தண்ணீர் தெளிக்கும்போது ரொசெந்தோ குனிந்து தன் தொப்பியைக் கழற்றிச் சைக்கிளின் இடது பக்கம் எதையோ மூடினான்.

"என்னய்யா, மாதாவோட தண்ணிக்கு ஒளிஞ்சுக்கிற?" என்று பாதிரியார் கேட்டார்.

"கறை பட்டுடும் சாமி."

தொப்பியை எடுத்தான். அவனுடைய வலது கிராங்க் கறுத்துக் கிடந்தது. இடது கண்ணாடி மாதிரி பளபளத்தது.

தோன் குஸ்தோதியோ இரண்டு சைக்கிளுக்கும் நடுவில் நின்றிருந்தார். இங்கே பார்த்தார், அங்கே பார்த்தார். மறுபடி இங்கே பார்த்தார். இஸ்மேனியாவின் இடது கிராங்குக்குப் பக்கத்தில் குனிந்து, சுரண்டின பெயின்டை விரலால் தொட்டார்.

"அட, இது இங்க இருக்கா" என்றார். "எலி தூக்கிட்டுப் போச்சுன்னு எர்மென்சியாகிட்ட சண்டை போட்டேனே."

அவள் ஏதோ சொன்னாள். ஹாரன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னது?"

"நான்தான் எடுத்தேன்!" என்று கத்தினாள். வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். திரும்பட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அடுத்த வார்த்தையைப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. "நீங்க குடுத்ததுல விரிசல் இருக்குன்னு நெனச்சேன். அதான் தேச்சு மறச்சிருக்கீங்கன்னு. விலையும் வாங்கல. ஆணியில இன்னொண்ணு பாத்தேன். மாத்திட்டேன்."

"விரிசலா? நானா?" அவர் முகம் சிவந்தது. "உன் வலது கிராங்க் அப்படி மினுக்குதே, ஜோடின்னா ஜோடி மாதிரி இருக்க வேண்டாமா? எனக்குப் புடிக்காத வேலை. தேச்சுத் தேச்சு தோள்பட்டையே கழண்டுபோச்சு. விலை கேட்டியே, பைபா ஊர்ல ஒருத்தன் பழைய பூட்டு வாங்கினதுக்குச் சும்மா தூக்கிப் போட்டான் அத. சும்மா வந்ததுக்கு என்ன விலை சொல்ல?"

"அப்ப ஏன் அவருக்குக் குடுத்தீங்க?"

"நீ வேண்டாம்னு திருப்பி மாட்டிட்டுப் போயிட்டியே!" தோன் குஸ்தோதியோ ரொசெந்தோவைக் கைகாட்டினார். "அன்னிக்கே வந்து சொன்னான். அவளுக்கு உங்க தானம் வேண்டாமாம், அசிங்கமா இருக்காம், எங்கிட்ட ஒரு வலது இருக்கு, 170தான், அடுத்த ஜோடிக்காரன் நான்தான்னான். சுவத்துல பாத்தா மினுமினுன்னு தொங்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? மறுநாள் வந்து எடுத்துட்டுப் போடான்னு சொல்லிட்டேன்."

எல்லோரும் ரொசெந்தோவைப் பார்த்தார்கள். அவன் சிரித்தான். வழக்கமான சிரிப்புதான், கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது.

"அவ விட்டா, நான் எடுத்தேன். வழக்கம்னா வழக்கம்தானே? எதத் தப்பாச் சொன்னேன்? மாட்டிட்டுப் போனா, போகலையா?"

"உங்ககிட்ட வலது எப்போலருந்து இருக்கு?" என்று இஸ்மேனியா கேட்டாள்.

"இருக்கு, கொஞ்ச நாளா."

"சந்தையில சொல்லலையே."

"மறந்திருப்பேன்." அவன் பெடலில் கால் வைத்தான். "என்ன எல்லாரும் போலீஸ் மாதிரி நிக்கிறீங்க? ஏரிக்குப் போகலையா? மீன் காத்துக்கிட்டிருக்கு." அவன் கிளம்பிவிட்டான். கூட்டம் கொஞ்சம் தயங்கியது. பிறகு ஒவ்வொருவராக அவன் பின்னால் போனார்கள். மலை தூரம், வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும்.

தோன் குஸ்தோதியோ கழுத்திலிருந்த புல்லரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அதைக் கழற்றினால் அவளுக்கு ஒரு காலுக்குத்தான் மிதி. சுவரிலிருந்து எடுத்தவளுக்குச் சந்தையில் இனி யாரும் எதையும் கொடுக்கமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"நீ சொன்னதெல்லாம் நெஜமா?" என்றார். "இல்ல, அவன்கிட்டருந்து அத வாங்கறதுக்காகச் சொல்றியா?"

"நெஜம்."

"ஆணியிலருந்து எடுத்தவளோட வார்த்தை."

"ஆமா."

அவர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கை இருந்தது என்று சொல்ல முடியாது. பிறகு புல்லரைத் திரும்பக் கழுத்தில் மாட்டினார்.

"சீட்டுல எடது பக்கம் சாயாத. முட்டி வலிக்கும். இறக்கத்துல வலது கால கீழ வெச்சுக்க, எடது மேல இருக்கட்டும். தோத்தா போய்ச் சேந்ததும் என் கிராங்கக் கழட்டிக்குவேன்."

"திரும்பி வர்றதுக்கு?"

"லாரில வா." அவர் தன் நெட்டைச் சைக்கிளில் ஏறினார். "முன்னாடி போ. நீ முன்னாடி, நான் பின்னாடி. என் சாமான் என் கண்ணுல படணும்."

சோகமோசோவைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. வெங்காய வயல்களின் மணம் வந்தது. இஸ்மேனியா நொண்டி நொண்டி மிதித்தாள். ஒவ்வொரு சுற்றிலும் இடது முட்டி கூடுதலாக ஏறியது, அவள் அதற்குப் பழகிக்கொண்டே போனாள். பின்னால் அவர் மூச்சும், எண்ணெய் காணாத அவர் சங்கிலியும் விடாமல் வந்தன. அவள் வேகம் பிடிக்கும்போதெல்லாம், "ஓடிப்போகலாம்னு பாக்குறியா?" என்று குரல் கொடுத்தார். அவளும் விடவில்லை, "ஏத்தத்துல எங்க ஓடறது?" என்று திருப்பிச் சொன்னாள்.

மூன்றாம் வளைவில் முன்னால் போனவர்களின் முதுகுகள் தெரிந்தன. கடைசி முதுகு ரொசெந்தோவுடையது. ரொட்டி தின்று வளர்ந்த முதுகு, ஏற்றத்தில் அது எப்போதும் பின்தங்கும். அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், மறுபடி திரும்பிக்கொண்டான்.

"பிடிச்சிடுவ போல" என்றார் பின்னால் வந்தவர். "பக்கத்துல போயி என்ன கேக்கப் போற?"

"ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"பின்ன?"

"பக்கத்துல போவேன். அவரோட இடது பக்கத்துல, அந்தப் பளபளாவப் பாத்துக்கிட்டே. பேசாம."

"எவ்வளவு தூரம்?"

"ஏரி வரைக்கும்."

தோன் குஸ்தோதியோ சீட்டிலிருந்து எழுந்து மிதித்தார். சங்கிலி கிரீச்சிட்டது. பிறகு, "சின்னப் பல்சக்கரத்துக்கு மாத்து, அப்பத்தான் அவனப் புடிக்க முடியும்" என்றார். இஸ்மேனியா குனிந்து கியர்த் தண்டை இழுத்தாள்.